கையொப்பத்துக்குப் பின்னால் இருந்தவர்கள்

கணக்காய்வின் வரலாறு பெரும்பாலும் கையொப்பம் இட்டவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தொகையின் அடியில் ஒரு நிறுவனத்தின் பெயரும் அதன் பங்காளர் ஒருவரின் கையெழுத்தும் இருக்கும். ஆனால் அந்த ஐந்தொகைக்கு ஆதாரமான பற்றுச்சீட்டுகளைக் கட்டுக்கட்டாகப் புரட்டிப் பார்த்த கை வேறொருவருடையது. அவர் இருபது வயதை எட்டியும் எட்டாமலும் இருக்கும் ஒரு பயிலுநர். அந்த அலுவலகத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர்களில் ஒருவர். எமது சமூகத்தில் இரண்டு மூன்று தலைமுறைகளாக அப்படிப் பலர் இருந்திருக்கிறார்கள். "பொடியன் கொழும்பில் சி.ஏ. செய்யிறான்" என்று ஊரிலே பெருமையோடு சொல்லப்பட்ட அந்த வேலையும் படிப்பும் எங்கிருந்து வந்தன, எமக்கு எந்தக் கதவால் திறந்தன, எந்த இடத்தில் அறுந்தன என்பதை இங்கு பார்ப்போம்.

கணக்காளர் தொழில் பழைய கைவினைஞர் சங்கங்களின் முறையைப் பின்பற்றி வளர்ந்தது. எடின்பரோக் கணக்காளர் சங்கம் 1854 இல் அரச பட்டயம் பெற்றது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான நிறுவனம் 1880 இல் பெற்றது. 'பட்டயக் கணக்காளர்' என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் இந்த வட்டத்துக்குள் நுழைய விரும்பும் இளைஞன் ஒரு கணக்காளரிடம் ஒப்பந்தப் பத்திரம் எழுதி ஐந்து ஆண்டுகள் வேலை பழக வேண்டும். பட்டதாரியானால் மூன்று ஆண்டுகள். சம்பளம் கிடையாது, அல்லது பெயரளவில்தான். அதற்கு மேலாகப் பெற்றோர் அந்தக் கணக்காளருக்குப் 'பிரீமியம்' என்ற பெயரில் நூறு கினியோ அதற்கு மேலோ முன்பணமாகக் கட்டுவது வழக்கமாயிருந்தது. அதாவது வேலை செய்பவனே வேலை கொடுப்பவருக்குக் காசு கொடுத்தான். இந்த வழக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரையும் நீடித்தது.

தொழிலுக்கோ தேவை பெருகிக்கொண்டிருந்தது. 1878 இல் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தபோது அதன் கணக்குகள் ஆண்டுக்கணக்காகப் பொய்யாக எழுதப்பட்டிருந்தமை வெளியானது. இயக்குநர்கள் சிறை சென்றார்கள். 1900 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் கம்பனிகள் ஆண்டுதோறும் கணக்காய்வு செய்விப்பதைக் கட்டாயமாக்கியது. வேலை குவிந்தது; வேலை பழகும் வாசலில் மட்டும் பணப்பை உள்ளவனே நின்றான்.

இந்த நிலையில்தான் 1904 இல் இலண்டன் கணக்காளர் சங்கம் தோன்றியது. பழைய நிறுவனங்களின் வாசல் அடைபட்டிருந்தவர்களுக்குத் தொழிலைத் திறந்துவிடுவதே அதன் நோக்கம். 1909 இல் எதெல் எயர்ஸ் பர்டி என்ற பெண்ணை அது உறுப்பினராக்கியது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர் அவர். அந்த இயக்கங்களின் கணக்குகளையும் பார்த்தவர். பட்டயக் கணக்காளர் நிறுவனமோ, 1919 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே, 1920 இல், மேரி ஹாரிஸ் ஸ்மித்தை ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பின்பக்கக் கதவு என்று ஏளனம் செய்யப்பட்ட அந்த 1904 ஆம் ஆண்டுச் சங்கமே இன்று ஏ.சி.சி.ஏ. என்று நாம் அறிந்திருப்பது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எமது கதை பின்னர் இங்கேதான் வந்து சேர்கிறது.

தமிழர் மத்தியில் இந்தப் பயிற்சியின் முதல் வரிசைப் பெயர்களில் ஒன்றும் ஒரு பெண்ணுடையதே. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் இருந்தவர். வெளியே வந்ததும் ஓடிட்டர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்து, அக்காலத்து அரசாங்கக் கணக்கியல் டிப்ளோமாவை முடித்து, 1933 இல் இந்தியாவின் முதற் பெண் கணக்காளரானார். சிறை சென்றவர்களைக் கணக்காளராகப் பதியக் கூடாது என்று விதி வந்தபோது அதை எதிர்த்து நீதிமன்றம் போய் வென்றார். பரீட்சையில் சித்தியடைந்தவருக்கும் கதவு தானாகத் திறப்பதில்லை என்பதற்கு அவரது வாழ்க்கை சாட்சி.

இலங்கையில் நிலைமை தோட்டங்களோடு பிணைந்திருந்தது. தேயிலை, இறப்பர்க் கம்பனிகளின் கணக்குகளைக் கொழும்புக் கோட்டையில் இருந்த பிரித்தானிய வழிவந்த கணக்காளர் நிறுவனங்கள் பார்த்தன. 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக்கென்று ஒரு பட்டயக் கணக்காளர் நிறுவனம் உருவானது. பரீட்சை உள்ளூர்ப் பரீட்சையாயிற்று. ஒப்பந்தப் பத்திரமும் பங்காளரின் கையொப்பமும் அப்படியே தொடர்ந்தன.

எமது பிள்ளைகள் பெருமளவில் இந்தப் பக்கம் திரும்பியது 1970களில். தரப்படுத்தல் வந்தபோது பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவர் 250 எடுக்க வேண்டியிருந்தது. உயர்தரத்தில் கணிதம் படித்துப் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், மொழிவாரி வெட்டுப்புள்ளி இல்லாத பரீட்சைகளைத் தேடினார்கள். சி.ஏ., இலண்டன் செலவுக் கணக்கியல் பரீட்சை, ஏ.சி.சி.ஏ. எல்லாம் அப்படித்தான் வீட்டுச் சொற்களாயின. இவற்றைக் கெட்டிக்காரத்தனத்தின் அடையாளமாக மட்டும் பார்ப்பவர்கள், இவை அடைபட்ட ஒரு பாதைக்கு மாற்றுப் பாதையாக இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

வேலை என்ன? இருவர் எதிரெதிரே இருந்து, ஒருவர் காசேட்டிலுள்ள தொகையை வாசிக்க மற்றவர் பற்றுச்சீட்டைப் பார்த்துச் சரி போடுவது. சென்ற ஆண்டு பச்சைப் பென்சில் என்றால் இந்த ஆண்டு சிவப்பு. பக்கம் பக்கமாகக் கூட்டுவது. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. வங்கிக் கூற்றோடு இணக்கம் பார்ப்பது. ஆண்டு முடிவில் களஞ்சியத்தில் ஏணி வைத்து ஏறிக் கையிருப்பு எண்ணுவது. பத்தாண்டுக்கு மேல் தமிழில் படித்தவர்கள் திடீரென ஆங்கிலத்திற் குறிப்பெழுத வேண்டியிருந்தது. எம்மிற் பலர் ஆங்கிலம் பேசப் பழகியது இலக்கியத்திலல்ல, கடன்பட்டோர் பட்டியலில். மாலையில் வகுப்பு, பிறகு பஸ், பிறகு வெள்ளவத்தை அறையில் நள்ளிரவு வரை படிப்பு. பரீட்சை நெருங்கும்போதுதான் அலுவலகத்திலும் வேலை நெருங்கும். லீவு கேட்கப் போனால் பங்காளரின் முகம் மாறும்.

படித்த வழக்குகளில் இரண்டு எல்லோருக்கும் மனப்பாடம். கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கில் 1896 இல் இங்கிலாந்து நீதிமன்றம், முகாமையாளர் கொடுத்த கையிருப்புத் தொகையை நம்பிய ஓடிட்டர்மீது குற்றமில்லை என்றது. ஓடிட்டர் காவல்நாயே அன்றி மோப்பநாய் அல்ல என்று நீதிபதி உவமை சொன்னார். 1938 இல் அமெரிக்காவில் மக்கெசன் அன்ட் றொபின்ஸ் கம்பனியின் புத்தகங்களில் இல்லாத களஞ்சியங்களும் இல்லாத கடன்காரரும் வெளிப்பட்டார்கள். ஏறக்குறைய 190 லட்சம் டொலர் வெறும் எழுத்து. அதன் பின்னரே அங்கு ஓடிட்டர் நேரிற் சென்று கையிருப்பைப் பார்ப்பது விதியாயிற்று. நேரிற் செல்வது என்றால் யார் செல்வது? பயிலுநர்தான். காகிதத்துக்கும் உலகத்துக்கும் இடையில் நிறுத்தப்பட்டவர் அவர்.

மலையகத்தில் இது இன்னொரு பொருளைப் பெற்றது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை, ஓடிட் பயிலுநர்கள் தோட்டங்களுக்குப் போவதுண்டு. சம்பள நாளில் முன்னறிவிப்பின்றிப் போய் நின்று, செக்ரோலில் உள்ள பெயரை அழைக்க ஆள் வருகிறாரா என்று பார்க்க வேண்டும். இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுதிக் காசு எடுப்பதைப் பிடிப்பதற்கு. பெயர் அழைக்கப்படும், ஒரு தாய் வருவார், பெருவிரலை மையில் தொட்டு வைப்பார், காசை முந்தானையில் முடிந்துகொண்டு போவார். பயிலுநர் சரி போடுவார். கம்பனியின் புத்தகத்தில் அந்தத் தாய் இருப்பது நிரூபணமாயிற்று. ஆனால் நாட்டின் புத்தகத்தில் அவர் இல்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரையும் அவரைப் போன்ற பெரும்பாலோரையும் நாடற்றவராக்கியிருந்தது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று, கையிருப்புப் பிரிப்பதுபோலப் பிரித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து போன பயிலுநர் அவரோடு தமிழிற் பேசியிருக்கலாம். பேசியவர் சிலர், பேசாதவர் பலர். ஓடிட் குறிப்பில் அதற்கு ஒரு பத்தியும் இல்லை.

பின்னர் எமது முறை வந்தது. 1983 ஜூலையில் கொழும்பை விட்டு ஓடியவர்களில், ஒப்பந்தத்தில் ஒன்றோ இரண்டோ ஆண்டு மிச்சமிருந்த பயிலுநர்களும் இருந்தார்கள். பரீட்சைச் சித்தியைக் கொண்டுபோகலாம். ஒப்பந்த ஆண்டுகளைக் கொண்டுபோவது கடினம். அவை ஒரு மனிதரின் கையொப்பத்தில் தங்கியிருந்தன. புத்தகங்களும் சான்றிதழ்களும் அறைகளோடு எரிந்தன. பற்றுச்சீட்டு இல்லாத எந்தப் பதிவையும் ஏற்காதே என்று பழக்கப்பட்டவர்கள், தமது வாழ்வுக்கே பற்றுச்சீட்டு இல்லாமல் அந்நிய அதிகாரிகள் முன்னால் நின்றார்கள்.

அப்போது கைகொடுத்தது அந்த 1904 ஆம் ஆண்டுக் கதவுதான். ஒப்பந்தப் பத்திரம் கேட்காமல், எங்கே செய்த வேலையானாலும் மேற்பார்வையாளர் உறுதிசெய்தால் ஏற்றுக்கொண்ட ஏ.சி.சி.ஏ. பரீட்சைகளை இலண்டனில் எம்மவர் எழுதினார்கள். பகலில் வகுப்பு, இரவில் பெற்றோல் நிலையம். முடித்தவர்கள் சிலர் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் சிறிய கணக்கு அலுவலகங்களைத் திறந்தார்கள். கடைக்காரர் ஆண்டு முழுவதற்குமான ரசீதுகளை ஷொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையிற் கொட்டுவார். முடிக்காதவர்களும் பலர், அவர்களது அரைகுறை ஆண்டுகள் எந்த ஐந்தொகையிலும் ஏறவில்லை.

ஓடிட் கோப்புகளைச் சில ஆண்டுகள் வைத்திருந்து அழித்துவிடுவது வழக்கம். பயிலுநரின் முதலெழுத்துகள் இருந்த தாள்களும் அவற்றோடு போய்விடும். கையொப்பம் இட்டவர்களின் பெயர்கள் அறிக்கைகளில் எஞ்சும். அந்தத் தோட்டங்களையும் களஞ்சியங்களையும் அறைகளையும் நேரிற் கண்டவர்களில் சிலர் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டிருக்கிறது. கண்டதை எழுதிவைக்க வேண்டியவர்கள் அவர்களே. கேட்டு எழுதுவிக்க வேண்டியவர்கள் நாம்.