பிள்ளைகள் இல்லமும் கதைக்காத துயரமும்

வார்சோ கெட்டோவில் நாசிகளுக்கு எதிரான எழுச்சி தொடங்கியது 1943 ஏப்ரல் 19இல். சரியாக ஆறு வருஷம் கழித்து, அதே நாளில், இஸ்ரேலின் வடக்கே அக்கா நகருக்குப் பக்கத்தில் ஒரு கிப்புட்ஸ் நிறுவப்பட்டது. பெயர் லொஹமே ஹகெட்டாஒட், அதாவது கெட்டோப் போராளிகள். எழுச்சியில் நின்ற சிவியா லுபெட்கினும் இட்ஸ்ஹாக் சுக்கர்மனும் நிறுவனர்களில் இருவர். வதைமுகாம்களில் தப்பியவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள்.

கிப்புட்ஸில் நிலம், உழைப்பு, சாப்பாடு எல்லாம் பொது. பிள்ளை வளர்ப்பும் பொதுதான். அந்தக் காலத்தில் பெரும்பாலான கிப்புட்ஸ்களில் பிள்ளைகள் தாய் தகப்பனோடு படுப்பதில்லை. ‘பிள்ளைகள் இல்லத்தில்’ பராமரிப்பாளரோடு வளர்ந்தார்கள். வேலை முடிந்த பிறகு கிடைக்கிற சில மணி நேரம்தான் பெற்றோருக்கு.

இதைச் சமத்துவத்தின் பரிசோதனை என்றுதான் நாங்கள் வழமையாக வாசிக்கிறோம். ஆனால் இங்கே பெற்றோரில் பலர் முழுக் குடும்பத்தையும் பறிகொடுத்தவர்கள். அம்மம்மா, அப்பப்பா என்று கூப்பிட அங்கே அநேகமாக ஒருத்தரும் இல்லை. இறந்தவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அவர்களின் வழக்கம். பெயர் வந்தது, அந்தப் பெயருக்குரியவர் எப்படிச் செத்தார் என்ற கதை எல்லா வீட்டிலும் வரவில்லை. கேட்பதற்கு இருந்ததும் அந்தச் சில மணி நேரம்தான்.

அதற்காக அந்த ஊர் கடந்த காலத்தையே மறைத்தது என்றும் சொல்லேலாது. 1949இலேயே அருங்காட்சியகம் தொடங்கினார்கள், எழுச்சியை நினைவுகூர்ந்தார்கள். வீரத்துக்கு மேடை இருந்தது. அழுகைக்குத்தான் இடம் இல்லை. புது நாட்டுக்குத் தேவைப்பட்டது போராளிகள். சும்மா உயிர் தப்பி வந்தவர்கள் அல்ல. 1961இல் ஐக்மன் வழக்கில் சிவியாவும் இட்ஸ்ஹாக்கும் சாட்சி சொன்னார்கள். தப்பியவர்களின் குரலை இஸ்ரேல் பரவலாகக் கேட்கத் தொடங்கியது அந்த வழக்குக்குப் பிறகுதான். இட்ஸ்ஹாக் 1981இல் இறந்தார். அவருடைய விரிவான நினைவுக்குறிப்பு 1990இல்தான் நூலாக வந்தது. கொல்லப்பட்ட 15 லட்சம் யூதப் பிள்ளைகளுக்கான நினைவகம் அந்தக் கிப்புட்ஸில் திறக்கப்பட்டது 1995இல். ஊர் தொடங்கியபோது பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது 46.

இன்னொரு மௌனமும் உண்டு. இந்தக் கிப்புட்ஸ் எழுந்தது அல்-சுமைரிய்யா என்ற பலஸ்தீனக் கிராமத்தின் நிலத்தில். 1948 மே மாதம் ஹகானா படை அதைக் கைப்பற்றியது, சனம் அகதியானது. பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களின் காலுக்குக் கீழே வேறு பிள்ளைகளின் ஊர் இருந்தது.

இரண்டு துயரத்தையும் தராசில் வைத்து நிறுக்க நாங்கள் வரவில்லை. ஒன்று மற்றதை நியாயப்படுத்தவும் மாட்டாது. ஆனால் ஒரு சமூகம் தன்ர வீரத்தை மட்டும் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தால், அந்தப் பிள்ளை வீட்டுக்குள் இருக்கிற துயரத்தையே கேட்கப் பழகாது. பக்கத்து ஊரின் துயரம் அதன் காதில் எப்படி விழும்? நினைவுகூர்தல் பற்றி எழுதுகிற, கதைக்கிற நாங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.