இணைப்புச்சொல் (ஆங்கில இலக்கணம்)

ஆங்கிலத்தில் சொற்களையும் தொடர்களையும் வாக்கியக் கூறுகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும், வடிவம் மாறாத சொற்கள் இணைப்புச்சொற்கள் எனப்படும். தமிழில் எச்சங்களும் 'உம்', 'ஆல்' முதலிய ஈறுகளும் ஆற்றும் பணியை அம்மொழியில் பெரும்பாலும் இத்தனிச்சொற்களே ஆற்றுகின்றன.

இவற்றைத் தனிச் சொல்வகையாகக் கொள்ளும் மரபு கிரேக்கர்களுடையது. டயனீசியஸ் த்ராக்ஸின் பெயரால் வழங்கும் இலக்கணம், எண்வகைச் சொற்களுள் இதனை இறுதியில் வைத்து, கூட்டல், பிரிப்பு, நிபந்தனை, காரணம் முதலிய உட்பிரிவுகளையும் வகுத்தது. அப்பகுப்பு இலத்தீன் இலக்கணிகளின் வழியே இங்கிலாந்தை அடைந்தது. 1586இல் வில்லியம் புல்லோக்கர் வெளியிட்ட சிறுநூல், ஆங்கிலத்துக்கென அச்சான முதல் இலக்கணமாயினும், இலத்தீன் அச்சிலேயே வார்க்கப்பட்டது. 1795இல் வெளியாகிப் பள்ளிகளில் நெடுங்காலம் கோலோச்சிய லிண்ட்லி மரேயின் இலக்கணமும் கூட்டுவன, பிரிப்பன என இரண்டே வகை கண்டு, 'இஃப்' என்பதை 'அண்ட்' உடனும், 'தோ' என்பதைப் 'பட்' உடனும் சேர்த்தது. பொருளை மட்டும் நோக்கிய இப்பகுப்பில் வாக்கிய அமைப்பின் வேறுபாடு மறைந்துபோயிற்று. அமைப்பை நோக்கிப் பின்வந்தோர் கண்ட இணைநிலை, சார்புநிலை என்னும் பகுப்பே பொருத்தமானது.

'அண்ட்', 'பட்', 'ஆர்' முதலிய இணைநிலைச் சொற்கள் சமநிலையுடைய கூறுகளைச் சேர்த்துத் தொடர் வாக்கியம் ஆக்குகின்றன. 'பிகாஸ்', 'ஆல்தோ', 'அன்லெஸ்' முதலிய சார்புநிலைச் சொற்கள் ஒரு கூற்றை மற்றொன்றுக்குக் கீழ்ப்படுத்திக் கலவை வாக்கியம் ஆக்குகின்றன. 'பட்' தலைமையேற்கும் கூற்று முன்னே நகராது; 'ஆல்தோ' தலைமையேற்பதோ முன்னும் பின்னும் நிற்கும். 'ஆல்தோ இட் ரெயின்டு, த மேட்ச் வென்ட் ஆன்' என்று மழையை முன்வைத்தால் இடையே காற்புள்ளி வேண்டும். ஆட்டம் தொடர்ந்தது என்னும் செய்தியே அழுத்தம் பெறும். 'த மேட்ச் வென்ட் ஆன் ஆல்தோ இட் ரெயின்டு' என மாற்றினால் அவ்வழுத்தம் மழைக்குச் செல்லும். வாக்கியங்கள் ஒரே அச்சில் வாராமல் காப்பது இந்நெகிழ்ச்சியே. 'அண்ட்' மட்டும் கொண்டு தொடுத்த பத்தி விரைவில் சலிப்பூட்டும். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே 'பட்' இடுவது, தமிழர் உட்பட ஆங்கிலம் பயிலும் பலரிடம் காணப்படும் பிழை. இரண்டில் ஒன்றே போதும்.

ஹடில்ஸ்டனும் புல்லமும் முன்னின்று உருவாக்கிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் (2002), சார்புநிலைச் சொற்களுள் பலவற்றை முன்னிடைச்சொற்களாகக் கொள்கிறது. பள்ளி நூல்கள் பழைய பகுப்பிலேயே நிற்கின்றன.