இயல்பான இதயம் எது? – ஆபிரிக்கக் கிராமப்புறங்களும் கழியொலி அளவைகளும்

மருத்துவ வரலாற்றில் கருவிகளின் தோற்றம் பேசப்படுமளவிற்கு, அவை தரும் அளவைகளை மதிப்பிட உதவும் நியமங்களின் தோற்றம் பேசப்படுவதில்லை. கழியொலியால் இதயத்தைப் பரிசோதிக்கும் முறையில் ‘இயல்பு’ எனப்படுவது எவருடைய உடல்களிலிருந்து வகுக்கப்பட்டது என்பதனை, ஆபிரிக்கக் கிராமப்புற மக்களை முன்னிறுத்தி நாம் ஈண்டு நோக்குவோம்.

1953 ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் நகரில், இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும் இயங்கும் இதயத்தின் எதிரொலிகளை முதன்முதலிற் பதிவுசெய்தனர். உலோகங்களின் உட்பிளவுகளைக் கண்டறியும் கருவியே இதற்கு உதவியது. 1978 இல் அமெரிக்க இதய எதிரொலியியற் சங்கம், எவ்விளிம்பிலிருந்து எவ்விளிம்புவரை அளத்தல் வேண்டுமென விதந்துரைத்தது. அளக்கும் முறை ஒருமைப்பட்டாலன்றி ஓரிடத்து அளவையைப் பிறிதோரிடத்து அளவையுடன் ஒப்பிடல் இயலாது. 2015 இன் விதப்புரைகளின்படி, இடது இதயவறை விரிந்த நிலையில் அதன் இயல்பான உள்விட்டம் ஆண்களில் 42 முதல் 58.4 மில்லிமீற்றர்; பெண்களில் 37.8 முதல் 52.2 மில்லிமீற்றர். இவ்வெல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழித்தோன்றல்களிடமிருந்து பெறப்பட்டவையாகும்.

உடலின் பருமனுக்கேற்ப இதயமும் வேறுபடுமாதலின், அளவையை உடற்பரப்பினால் வகுப்பது வழக்கம். ஆயின், இதற்குப் பெரிதும் கையாளப்படும் டு புவா சமன்பாடு 1916 இல் ஒன்பது பேரின் உடல்களை மட்டும் அளந்து அமைக்கப்பட்டது. மெலிந்த உடலும் கடும் உழைப்பும் உடைய ஓர் உழவருக்கு அது எவ்வளவு பொருந்துமென்பது ஆராயற்பாலது.

இனி, இயல்பானவர் எவரெனத் தெரிவதும் எளிதன்று. உகண்டாவில் டேவிஸ் என்பார் 1948 இல் விவரித்த, இதயத்தின் உட்படை தடித்து நாராகும் நோய் இதற்குத் தக்க சான்றாகும். மொசாம்பிக்கின் கிராமப்பகுதியொன்றில் எழுமாறாகத் தெரிவுசெய்யப்பட்ட 1063 பேரைக் கழியொலியாற் பரிசோதித்த ஆய்வு 2008 இல் வெளியாயிற்று. அவர்களுள் 211 பேரிடம், அதாவது 19.8 வீதத்தினரிடம், இந்நோய் காணப்பட்டது. இவர்களில் 48 பேருக்கே நோயின் அறிகுறிகள் இருந்தன. எனவே, ‘எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை’ என்பவரை அச்சொல்லை மட்டும் நம்பி இயல்பானவராகக் கொள்ளின், நோயே நியமமாகிவிடும். நாட்பட்ட குருதிச்சோகை இதயத்தை விரியச்செய்யும். உயர் குருதியழுத்தம் சுவரைத் தடிக்கச்செய்யும். இவற்றையும் பரிசோதித்து விலக்குதல் அவசியமாகும். ஆயின் சோகை மலிந்த ஊரில் அங்ஙனம் விலக்கியபின் எஞ்சுவோர் அவ்வூரவரின் பிரதிநிதிகளாவரோ என்ற வினாவும் எழுகின்றது. ஆகவே விலக்கப்பட்டோரின் தொகையையும் காரணத்தையும் அட்டவணையுடன் சேர்த்தே வெளியிடல் வேண்டுமென்பது எமது கருத்து.

இனக்குழுவாரியான நியமங்களைத் தொகுத்த எக்கோநோர்மல் ஆய்வு 2015 இலும், 15 நாடுகளில் 2008 பேரை அளந்த உலகளாவிய ஆய்வின் முடிவுகள் 2019 முதலும் வெளிவந்தன. ஓரெல்லை எல்லா மக்களுக்கும் பொருந்தாதென இவை காட்டின. எனினும் ‘ஆபிரிக்கர்’ என்ற ஒரே தலைப்பு, எதியோப்பிய மலைநாட்டவரையும் மொசாம்பிக்கின் கரையோரத்தவரையும் ஒன்றாக்கிவிடுகின்றது.

இது வெறும் எண்களைப் பற்றிய விவாதமன்று. நகர மருத்துவமனைக்குச் செல்ல நெடுந்தூரம் பயணிக்கவேண்டிய ஒருவரை அனுப்புவதா, வீடு திரும்பச் சொல்வதா என்பதனைச் சில மில்லிமீற்றர்களே தீர்மானிக்கின்றன. பொருந்தா எல்லை நலமுடையாரை நோயாளராக்கும். நோயாளரை நலமுடையாராகவும் காட்டும். அந்தந்த மண்ணில் வாழ்வோரை அளந்தே அவர்க்குரிய இயல்பை வகுத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றினால் நாம் பெறும் முடிபாகும்.