களிமண்ணிலிருந்து களிமண்ணுக்கு: நெகிழி எரிபொருளின் வினையூக்கி வரலாறு

நெகிழிக் கழிவிலிருந்து எரிபொருள் எடுப்பது இந்தியாவில் பெரும்பாலும் புத்தம்புதிய கண்டுபிடிப்பாகவே பேசப்படுகிறது. ஆனால் அதன் வேதியியல், பெட்ரோலியச் சுத்திகரிப்பின் வரலாற்றோடு பிணைந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி, அமிலத்தால் பதப்படுத்திய களிமண்ணைக் கொண்டு கன எண்ணெயைப் பெட்ரோலாகப் பிளக்கும் முறையை உருவாக்கினார். 1937இல் அமெரிக்காவின் மார்கஸ் ஹூக்கில் அதற்கான பேராலை இயங்கத் தொடங்கியது. பின்னர்ச் செயற்கை வினையூக்கிகள் வந்தன. 1960களில் சியோலைட்டுகள் முதலிடம் பெற்றன.

பாலிஎத்திலீனும் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலியே. ஆதலால் கன எண்ணெயைப் பிளக்கும் வினையூக்கி அதையும் பிளக்கும். சிக்கல் வேறோரிடத்தில் எழுந்தது. பிளப்பின்போது வினையூக்கியின்மேல் கரி படிந்து அதன் திறன் குன்றுகிறது. பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் அக்கரியை எரித்து நீக்கி, வினையூக்கியைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றன. சிறிய நெகிழி உலைகளுக்கு அவ்வசதி அரிது. கழிவோடு வரும் அழுக்கும் வினையூக்கியைக் கெடுக்கிறது. ஆகவே, இழந்தாலும் பெருஞ்செலவாகாத வினையூக்கி தேவைப்பட்டது. ஆய்வு மீண்டும் களிமண்ணிடம் திரும்பியது.

ஒடிசாவில் அச்யுத் குமார் பண்டாவும் ரகுபன்ஷ் குமார் சிங்கும் கயோலின் களிமண்ணைப் பயன்படுத்தினர். 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஒரு கிலோ குறையடர்த்திப் பாலிஎத்திலீனிலிருந்து ஏறத்தாழ 700 கிராம் திரவ எரிபொருள் கிடைப்பதை அவர்கள் காட்டினர். 2019 ஆகஸ்டில் டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனத்தில், நாளொன்றுக்கு 1 டன் நெகிழியிலிருந்து 800 லிட்டர் டீசல் எடுக்கும் திறனுடையதாக அறிவிக்கப்பட்ட ஆலை திறக்கப்பட்டது.

இவ்வெண்கள் யாவும் வகைபிரித்த நெகிழிக்கே பொருந்தும். பி.வி.சி. கலந்தால் ஹைட்ரஜன் குளோரைடு எழுந்து உலையை அரிக்கும். ஹூட்ரியின் ஆலைக்கு வந்த மூலப்பொருள் எண்ணெய்; இந்திய உலைக்கு வருவதோ நகரத்துக் குப்பை. அதைத் தரம்பிரிப்பவர்களில் பெரும்பாலோர் நிலையான ஊதியமற்ற குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள். 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு ஆகாத நெகிழியை எண்ணெயாக்குவதை ஊக்குவிக்கின்றன. குப்பை பொறுக்குவோரோடு பணிபுரியும் குழுக்களை ஈடுபடுத்தவும் சொல்கின்றன. ஆயினும் ஆய்வுக் கட்டுரைகளின் செலவுக் கணக்கில் களிமண்ணின் விலை இடம்பெறும் அளவுக்கு அக்கைகளின் கூலி இடம்பெறுவதில்லை. எரிபொருளின் மலிவு வினையூக்கியிலிருந்து வருகிறதா, கொடுபடாத கூலியிலிருந்து வருகிறதா என்பதை இத்துறையின் வரலாறு கேட்டாக வேண்டும்.