வீட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி? வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"முதன்முதலில் வாங்குவதற்கு எந்தக் கைத்துப்பாக்கி நல்லது?" என்று இணையத்தில் தேடினால் அமெரிக்கக் காணொளிகள்தாம் வரிசையாக வந்து நிற்கும். அங்கே ஒருவர் கடைக்குள் போகிறார், இரண்டு மூன்று துப்பாக்கிகளைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், பிடித்ததை வாங்கிக்கொண்டு வருகிறார். சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ அது நடக்காது. ஆயுதம் வைத்திருப்பது அமெரிக்காவில் அரசியலமைப்பு கொடுத்த உரிமை. மலேசியாவில் அது போலீஸ் கொடுக்கும் அனுமதி. அனுமதி இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தால், அதை அவர் ஒருமுறைகூடச் சுட்டிருக்காவிட்டாலும், பல ஆண்டு சிறையும் பிரம்படியும் காத்திருக்கின்றன.

வீடு புகுந்து கொள்ளையடிக்கும் செய்திகளைப் படிக்கும்போது தோட்டத்திலும் தாமானிலும் வாழும் குடும்பங்களுக்குப் பயம் வருவது இயல்பு. சுடும் விளையாட்டில் ஆர்வமுள்ள இளைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இவ்விரு தரப்பினருக்கும் சட்டம் திறந்துவைத்திருக்கும் வழி எது, மூடிவைத்திருக்கும் வழி எது என்பதைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

உரிமம் யார் கொடுப்பது?

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஆயுதமோ தோட்டாவோ வைத்திருக்க, எடுத்துச்செல்ல, பயன்படுத்த உரிமமோ பெர்மிட்டோ வேண்டும். விண்ணப்பம் போலீஸ் வழியாகச் செல்லும். முடிவு மாநிலப் போலீஸ் தலைவர் கையில் இருக்கிறது. விண்ணப்பதாரரின் பின்னணி, குற்றப்பதிவு, துப்பாக்கி தேவைப்படும் காரணம், அதைப் பூட்டி வைக்கும் இடம் எல்லாம் ஆராயப்படும். கொடுத்த உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். போலீஸ் அதை ரத்து செய்யவும் முடியும்.

"வீட்டுப் பாதுகாப்புக்கு வேண்டும்" என்ற காரணம் மட்டும் போதாது. தற்காப்புக்கான கைத்துப்பாக்கி உரிமம், உயிருக்குக் குறிப்பிட்ட ஆபத்து உண்டு என்று காட்டக்கூடிய மிகச் சிலருக்கே கிடைக்கிறது. மாதச் சம்பளக்காரரோ சிறுகடைக்காரரோ விண்ணப்பித்தால் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே "எந்த ரகம் வாங்கலாம்" என்ற கேள்வி நம்மில் பெரும்பாலோருக்கு எழவே வழியில்லை.

கிராமப்புறங்களில் ஓரளவு காணப்படுவது, மலாயில் 'சேனாப்பாங் பாத்தா' என்று சொல்லப்படும் மடக்கு வேட்டைத் துப்பாக்கி. காட்டுப்பன்றியும் குரங்கும் பயிரை அழிக்கும் இடங்களில் நிலம் வைத்திருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிப்பது உண்டு. அந்த உரிமம் இருந்தால் எதையும் சுடலாம் என்று நினைக்கக் கூடாது. வனவிலங்குகளுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. வேட்டைக்கான அனுமதியைப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் பெற வேண்டும்.

தோட்ட நிர்வாகத்தின் பெயரில் உரிமம் உள்ள துப்பாக்கியை எல்லாத் தொழிலாளரும் தொடலாம் என்று பொருளில்லை. அதை எடுத்துச்சென்று பயன்படுத்துபவர் பெயரில் பெர்மிட் இருக்க வேண்டும். நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் பாதுகாவலருக்கும் இதே விதிதான். "கொஞ்சம் பிடிச்சிருங்க தம்பி, வந்துடறேன்" என்று யாராவது கொடுத்தால் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆயுதம் என்றால் எது?

நம் இளைஞர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. குருவி சுடும் காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆயுதச் சட்டத்தின் விளக்கத்தில் காற்றுத் துப்பாக்கியும் காற்றுக் கைத்துப்பாக்கியும் ஆயுதமே. துப்பாக்கியின் உதிரிப் பாகமும் அந்த விளக்கத்துக்குள் அடங்கும்.

அடுத்தது போலித் துப்பாக்கி. பார்வைக்கு உண்மைத் துப்பாக்கி போலத் தோன்றினால் போதும். அது சுடுகிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. ஏர்சாஃப்ட், ஜெல் பிளாஸ்டர் போன்றவற்றை இணையக் கடைகளில் விளம்பரம் செய்கிறார்கள் என்பதற்காக அவை சட்டப்படி சரியாகிவிடாது. பார்சல் வந்து சேர்ந்ததும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழுகிறது. அதைக் கையில் பிடித்துப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவது, போலீசாருக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

எல்லைக்கு அப்பாலிருந்து "மலிவாகக் கிடைக்கிறது" என்று வரும் பேச்சையும் கெடா மக்கள் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாநிலம் நம்முடையது. உரிமமில்லாமல் ஒரு தோட்டாவைக் கொண்டுவந்தாலும் குற்றம்தான்.

தண்டனை என்ன?

• உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருத்தல் (ஆயுதச் சட்டம் 1960): 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• போலித் துப்பாக்கி வைத்திருத்தல் (அதே சட்டம், பிரிவு 36): ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• சட்டவிரோதமாகச் சுடும் ஆயுதம் வைத்திருத்தல் (சுடும் ஆயுதங்கள் – கூடுதல் தண்டனைச் சட்டம் 1971, பிரிவு 8): 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி.

• கொள்ளை போன்ற குற்றங்களைச் செய்யும்போது துப்பாக்கியால் சுடுதல் (1971 சட்டம், பிரிவு 3): முன்பு கட்டாய மரண தண்டனை. 2023இல் கட்டாய மரண தண்டனை ஒழிக்கப்பட்ட பிறகு, மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும். சுட்டபோது யாருக்கும் காயம் ஏற்படாவிட்டாலும் இந்தப் பிரிவு பாயும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1971 சட்டத்தின்படி, ஒருவரிடம் சட்டவிரோதத் துப்பாக்கி இருப்பது தெரிந்தும் அவரோடு சேர்ந்து திரிவதே தனிக் குற்றம். "நான் சும்மா காரில்தான் உட்கார்ந்திருந்தேன்" என்ற வாதம் எளிதில் எடுபடாது. நண்பரின் பையிலோ காரிலோ அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் உடனே அங்கிருந்து விலகிவிட வேண்டும்.

இந்தக் கடுமைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1948இல் பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலத்தை அறிவித்தபோது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்று விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் ஆறாத வடு அது. நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் ஆயுத விஷயத்தில் சட்டத்தின் பிடி தளரவில்லை.

சுடும் விளையாட்டுக்கு வழி உண்டு

ஆர்வம் உண்மையாகவே விளையாட்டில் என்றால் கதவு திறந்திருக்கிறது. அதற்குச் சொந்தத் துப்பாக்கி தேவையில்லை. பதிவுபெற்ற சுடும் சங்கத்தில் சேர்ந்து, பயிற்சியாளர் மேற்பார்வையில், சங்கத்தின் துப்பாக்கியைத் திடலிலேயே பயன்படுத்துவதுதான் முறை. எங்கே சேரலாம் என்பதைக் கெடா மாநில விளையாட்டு மன்றத்திடமோ தேசியச் சுடும் சங்கத்திடமோ விசாரிக்கலாம். சேரும் முன் அந்தச் சங்கம் முறைப்படி பதிவு பெற்றதா, திடலுக்குப் போலீஸ் அனுமதி உள்ளதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதியவர்கள் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் தொடங்குவது நல்லது. அது சுடுவது 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு. உதைப்பு அநேகமாக இல்லை, சத்தம் குறைவு, குண்டும் மலிவு. துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரே கையால் பிடிக்க வேண்டும். இலக்கின் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. போட்டியில் 60 குண்டு சுட ஒன்றேகால் மணி நேரம். மூச்சை அடக்கி, கை நடுங்காமல், விசையை மெதுவாக அழுத்தும் பழக்கம் இங்கேதான் வருகிறது. 25 மீட்டர் போட்டிக்குரிய .22 துப்பாக்கி அதற்கு அடுத்த படி.

எந்தத் திடலிலும் முதல் பாடம் ஒன்றுதான்: துப்பாக்கி காலியாக இருந்தாலும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். குழாய் எப்போதும் இலக்கின் பக்கம். சுடும் வரை விரல் விசைக்கு வெளியே. நிறுத்து என்ற குரல் வந்ததும் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும்.

இந்த விளையாட்டுக்கு வயதோ பாலினமோ தடையில்லை. நம் நாட்டின் நூர் சூர்யானி தைபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் கலந்துகொண்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் இந்தியாவுக்காகச் சுட்டார். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில் பங்கேற்றார்.

வீட்டைக் காக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

தற்காப்பு உரிமை நமக்கு உண்டு. குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் அதைத் தருகின்றன. கொள்ளையடிப்பவர், இரவில் வீட்டை உடைத்து நுழைபவர், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவர் ஆகியோரை எதிர்க்கும்போது அந்த உரிமை உயிர்ச்சேதம் வரையிலும் நீளக்கூடும். ஆனால் பிரிவு 99 எல்லை போடுகிறது. காத்துக்கொள்ளத் தேவையானதைவிடக் கூடுதலாகத் தாக்கக் கூடாது. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது.

பொருளைப் போட்டுவிட்டு வேலி தாண்டி ஓடியவனைத் துரத்திப் பிடித்து, கட்டிவைத்து அடித்தால் அது தற்காப்பு ஆகாது. அடித்தவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். அவன் இறந்துவிட்டால் கொலை வழக்கு வரையிலும் போகலாம்.

பாராங்கத்தி பற்றியும் ஒரு வார்த்தை. தோட்ட வேலைக்கு அது அன்றாடக் கருவி. வேலைக்குச் சம்பந்தமில்லாமல் காரின் இருக்கைக்கு அடியிலோ மோட்டார் சைக்கிளிலோ வைத்துக்கொண்டு திரிந்தால், 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டத்தின் கீழ் 10 ஆண்டு வரை சிறைக்குப் போக நேரலாம்.

துப்பாக்கி இல்லாமலே செய்யக்கூடியவை பல உண்டு:

• முன்வாசலிலும் பின்வாசலிலும் வெளிச்சம். இரும்புக் கதவுக்கு உள்பக்கப் பூட்டு. தோட்ட வீடுகளில் பின்பக்கச் சமையலறைக் கதவுதான் பலவீனமானது. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

• நகையையும் ரொக்கத்தையும் வீட்டில் குவிக்க வேண்டாம். கல்யாணத்துக்கு எடுத்த நகையைக் காரியம் முடிந்ததும் வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

• தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தகவல் கொடுத்துவிட்டுப் போங்கள்.

• 1975 முதல் நடக்கும் ருக்குன் தெத்தாங்கா, உங்கள் தாமானில் அல்லது தோட்டத்தில் செயல்படுகிறதா என்று பாருங்கள். அண்டை வீட்டாரின் கைப்பேசி எண் உங்களிடம் இருக்கட்டும்.

• ஆள் நுழைந்துவிட்டால் பிள்ளைகளோடு ஓர் அறைக்குள் போய்த் தாழிட்டு 999ஐ அழையுங்கள். வீட்டு முகவரியைச் சரியாகச் சொல்லப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், லயன், வீட்டு எண் ஆகியவற்றையும் சொன்னால்தான் போலீஸ் நேரே வந்து சேரும்.

ஏற்கனவே வீட்டில் இருந்தால்?

தாத்தாவின் பெயரில் உரிமம் இருந்த பழைய வேட்டைத் துப்பாக்கி அலமாரியில் கிடக்கலாம். அவர் காலமான பிறகு அந்த உரிமம் பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேராது. போலீஸ் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்லும்படி ஒப்படைக்க வேண்டும். தோட்டத்தில் தோண்டும்போது பழைய தோட்டாவோ குண்டோ கிடைத்தால் கையால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துப் போலீசை அழையுங்கள்.

பிள்ளை இதுபோன்ற வழக்கில் கைதானால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும் என்பதும், வழக்கறிஞரை நாடும் உரிமையும் அரசியலமைப்பின் 5ஆவது விதியில் உள்ளன. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத குடிமக்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

மகனின் பெயருக்கு இணையக் கடையிலிருந்து நீளமான பெட்டி ஒன்று வந்தால், அதைப் பிரிக்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருங்கள். 5,000 ரிங்கிட் அபராதமும் ஓராண்டுச் சிறையும் வீட்டுக்குள் வராமல் தடுக்க அந்த ஐந்து நிமிடம் போதும்.