சுண்ணாம்பின் வரவு செலவு

திண்டிவனத்திலிருந்து மேற்கே போனால் செஞ்சி. கோட்டையைப் பார்க்க வருபவர்கள் ராஜா தேசிங்கைப் பற்றிப் பேசுவார்கள், கல்யாண மகாலை அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே கட்டடங்களைப் பிடித்து நிறுத்தியிருக்கும் சுண்ணாம்புச் சாந்தை யாரும் கண்டுகொள்வதில்லை. இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் வேகவைத்தால், கரியமில வாயு பிரிந்துபோய் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். ஆறிய பிறகு அது சாதாரணக் கல் போலத்தான் இருக்கும். தண்ணீர் பட்டதும் புகைந்து, கொதித்து, மாவாக உதிரும். அடியில் நெருப்பே இல்லாமல் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதற்கு விடை லவாசியே வழியாக வந்தது. 1750-இல் புஸ்ஸியின் படை செஞ்சியைப் பிடித்தபோது பாரிஸில் அவர் 7 வயதுப் பையன். வளர்ந்து லாப்லாசுடன் சேர்ந்து, உருகும் பனிக்கட்டியை நிறுத்து வெப்பத்தை அளந்தார். ஒரு பொருளைப் பிரிக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அது மறுபடி சேரும்போது அவ்வளவு வெப்பம் திரும்பி வரும் என்று 1780-களில் இருவரும் சொன்னார்கள். எத்தனை படியாக நடந்தாலும் மொத்தக் கணக்கு மாறாது என்று 1840-இல் ஹெஸ் காட்டினார். வெப்பம் கொள்வினை, வெப்பம் உமிழ்வினை என்று நாம் சொல்பவற்றுக்குப் பிரெஞ்சில் பெயர் தந்தவர் பெர்த்தலோ. வெப்பவேதியியல் பற்றிய அவருடைய பெரிய நூல் 1879-இல் வந்தது. விழுப்புரம் - புதுச்சேரி ரயில் ஓடத் தொடங்கியதும் அதே வருஷம்தான். நிலக்கரி எரிந்து உமிழ்ந்த வெப்பம்தான் அந்த வண்டியையும் இழுத்தது.

இனி என் தொழில்படி கணக்கு எழுதுகிறேன். 100 கிராம் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைப் பிரிக்கச் செலவு சுமார் 178 கிலோஜூல். கிடைப்பது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. அதை நீற்றும்போது 65 கிலோஜூல் வரவு. மீதி 113, சுவரில் பூசிய சாந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாகும்போது வரவாகிறது. இது வருஷக்கணக்கில் நடப்பதால் கைக்குச் சூடு தெரியாது. 65-உம் 113-உம் 178. கணக்கு டேலி!

விழுப்புரத்தில் வேலை பார்த்தபோது வெள்ளையடித்த பில்கள் என் மேஜைக்கு வரும். சுண்ணாம்பு இத்தனை மூட்டை, கூலி இத்தனை ஆள். தொட்டியில் சுண்ணாம்பு தாளித்த பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு கூலிக்கு நிற்பார்கள். அந்த 65 கிலோஜூல் முதலில் இறங்கிய இடம் அவர்கள் கை. பில்லில் அதை எழுத இடமில்லை.

செஞ்சியில் காளவாய் போட்டவர்கள், சாந்து அரைத்தவர்கள் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் நான் படித்ததில்லை. அவர்கள் எரித்த விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அந்தச் சுவர்கள் வழியாக என்றோ காற்றில் கலந்துவிட்டது.

இன்றும் உங்கள் வீட்டில் யாராவது சுட்ட சுண்ணாம்பு தாளித்தால், முதலில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். கட்டியின் மேல் தண்ணீரைத் தெளித்தால் சீறித் தெறிக்கும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். வேலை செய்பவருக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.