பெரம்பூர் பெட்டிக்குப் பின்கதவு

போன ஞாயிறு சாந்த்ராகாச்சி பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒரு கூட்ஸ் வண்டி கடந்துபோனது. பெட்டிகளைப் பார்த்தால் நம்மூர் ஜாடை! ஜன்னல்களை மட்டும் தகடு வைத்து அடைத்திருந்தார்கள்.

என்.எம்.ஜி. என்பார்கள். வயதான ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டியில் பெர்த், கழிவறை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கார் ஏற்றும் வண்டியாக மாற்றியது. பக்கக் கதவுகளை மூடிவிட்டு, கோடிச் சுவரில் அகலமான கதவு வைப்பார்கள். அதைத் திறந்து, நடுவில் இரும்புப் பலகையைச் சாய்த்தால், கார் பெட்டிவிட்டுப் பெட்டி ஓடிப் போய்விடும். பராமரிப்பில் பெரிய தலைவலியும் இந்தக் கதவுதானாம் (கேட்காமலே சொன்னார் பக்கத்தில் நின்ற ரயில்வே தாதா ஒருவர்). கீல் தளரக்கூடாது, ஓட்டத்தில் தாழ்ப்பாள் கழலக்கூடாது, மழை இறங்கக்கூடாது.

பெரம்பூர் ஆலையை நேரு திறந்துவைத்தது 1955 அக்டோபர் 2-ல். சுவிஸ்காரர்கள் கொடுத்த வடிவம். 2018 ஜனவரியோடு அந்த வடிவத்தில் பெட்டி கட்டுவது நின்றது. அதன் இடத்தில் இப்போது எல்.எச்.பி.

2006-ல் மாற்றலாகி, கைக்குழந்தையோடு கோரமண்டலில் நாங்கள் வந்ததும் அப்படியொரு பெட்டியில்தான். கோடியில், கழிவறையை ஒட்டிய சைடு லோயர். ராத்திரி முழுக்க அழுத பயல் இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். அந்த பெர்த் இருந்த இடத்தில் இன்று யாருடைய புதுக்கார் நிற்கிறதோ... :-)